மாவுக்கட்டின் எடை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. லாரிகளுக்கு எடை போடுகிறவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் வாய் திறந்த கதையைச் சொல்கிறேன்.

எடை மேடையில் அவருக்கு இருபது வருஷ வேலை. ஐந்து வயது மகளை வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படியில் குதித்துக் காலை முறித்துக்கொண்டவள். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அந்தக் கட்டோடு இருக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வர, குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள்.

நர்ஸ் வாலுவைத் தூக்கி எடை மெஷினில் உட்கார வைத்தாள். பதினேழரை கிலோ.

"எடை எதுக்கு சிஸ்டர்?" என்றாள் அம்மா.

"குழந்தைங்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுத்தான்மா மருந்து" என்று எழுதிக்கொண்டு போனாள்.

அப்பாவின் கண் மாவுக்கட்டிலேயே நின்றது. "கட்டோட எடையைக் கழிச்சாங்களா?" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"சும்மா இருங்க. படிச்சவங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு எதைப் பாத்தாலும் லாரிதான்."

"நான் லாரியாப்பா?" என்றாள் வாலு.

அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆனால் நர்ஸ் சிரிஞ்சில் மருந்தோடு வந்ததும் கை தானாகக் குறுக்கே நீண்டுவிட்டது.

"ஒரு நிமிஷம் சிஸ்டர். காலி லாரியோட எடையைக் கழிக்காம நாங்க சரக்குக்குச் சீட்டு எழுத மாட்டோம். காய்ச்சல் புள்ளைக்குத்தானே? மாவுக்கு எதுக்கு மருந்து?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நர்ஸோ காலைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், சிரிஞ்சைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அட, ஆமா! நான்ல கவனிச்சிருக்கணும்."

கட்டுப் போடும் அறையில், வாலு உயரமே உள்ள ஒரு பையனின் காலிலிருந்து அப்போதுதான் அறுத்தெடுத்த, இதே போல் தொடைவரையான கட்டு ஒன்று கிடந்தது. கொண்டுவந்து நிறுத்தார்கள். ஒன்றரை கிலோ! டாக்டர் பதினாறு கிலோவுக்குக் கணக்கைத் திருத்தி, மருந்தைக் குறைத்து எழுதினார்.

"பெரிய ஆபத்தில்லைங்க. ஆனா சரியான அளவு சரியான அளவுதான். நல்லவேளை கேட்டீங்க" என்றார்.

அதற்கப்புறம் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இது எதுக்கு, எத்தனை வேளை, வாந்தி எடுத்தா மறுபடி குடுக்கணுமா என்று நர்ஸைத் துளைத்தெடுத்தாள். நர்ஸும் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வார்டே கேட்கும்படி வாலு கத்தினாள்: "சிஸ்டர், காலி லாரி வந்திருக்கு! சாப்பாடு ஏத்துங்க!"

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படியே பசித்துக் கத்தட்டும் கண்ணுகளா. அவர்களுக்காகக் கூசாமல் கேட்கிற வாய் உங்கள் வீட்டில் என்றும் இருக்கட்டும்.