பதினான்காம் நூற்றாண்டுச் சப்பரம்

பிஸ்கட் டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்தவர் கேரல். மடித்த தாளை விரித்து அவர் உரக்கப் படித்ததும் ஆலயத்தின் பங்கு மண்டபமே சிரித்தது. பதினான்காம் நூற்றாண்டு.

அந்த ஆண்டுத் திருவிழாவில் திருச்சபையின் வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாகச் சப்பரங்களில் ஏற்றி, விவேக் நகர்த் தெருக்களில் பவனியாகக் கொண்டுசெல்வதெனப் பங்குப் பேரவை முடிவு செய்திருந்தது. ஒரு பகுதியின் குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஓர் அன்பியத்துக்கு ஒரு நூற்றாண்டு, ஒரு சப்பரம். பதின்மூன்றைப் பெற்றவர்களுக்குப் பறவைகளோடு பேசிய அசிசியார் வாய்த்தார். பதினாறைப் பெற்றவர்களுக்குக் கடல் கடந்து வந்த சவேரியார் வாய்த்தார். கேரலின் அடுகோடி அன்பியத்துக்கு வாய்த்தது கொள்ளைநோய்.

"பிளேக்கா மிஸ்? கொஞ்சம் தள்ளியே வாங்க, எங்களுக்கு ஒட்டிக்கப் போவுது," என்றார் அசிசியாரைப் பெற்ற அன்பியத்தின் தலைவர் ஜாய்சன்.

"ஒட்டும்ணா. உங்க சப்பரத்துப் புறாவுக்குத்தான் முதல்ல ஒட்டும்," என்று பதிலடி கொடுத்தான் டிரேவர். கேரலின் அன்பியத்தில் கைவேலை தெரிந்தவனும் வாய் ஓயாதவனும் அவனே.

கேரல் சிரிக்கவில்லை. கல்லூரியில் இடைக்கால உலக வரலாறு கற்பிப்பவர் அவர். எந்த நூற்றாண்டைக் கண்டு பிறர் முகம் சுளித்தார்களோ, அந்த நூற்றாண்டிலேயே தம் வாழ்நாளின் பாதியைக் கழித்தவர். சீட்டை நான்காக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று அன்பியம் அவர் வீட்டில் கூடியது. டிரேவர் தெர்மோகோலில் செதுக்கிக் கறுப்பு வண்ணம் பூசிய நீண்ட அலகு ஒன்றை முகத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எப்படி மிஸ்? பிளேக் டாக்டர்!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த அலகு முகமூடி வந்தது பதினேழாம் நூற்றாண்டுல. நம்ம நூற்றாண்டுல ஒருத்தரும் இதை மாட்டல."

"போங்க மிஸ். ராத்திரி பூரா செதுக்கினேன். கூகுள்ல எல்லாம் இதானே காட்டுது?"

"கூகுளுக்கு அவசரம் டிரேவர்."

"அப்போ சப்பரத்துல என்னதான் வைக்கிறது? மண்டையோடா?"

கேரல் வகுப்பில் பேசுவது போலவே நின்றுகொண்டு பேசினார். பட்டுக்கும் மிளகுக்குமாக மனிதர் திறந்த வழிகளே நோய்க்கும் வழியாயின. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழில் கருங்கடல் துறையிலிருந்து சிசிலித் தீவுக்கு வந்த வணிகக் கப்பல்களோடு அது ஐரோப்பாவில் இறங்கிற்று. அதற்கு ஒரு தலைமுறை முன்னமே பெரும்பஞ்சம் கண்ட உடல்கள் அவை, தாங்கவில்லை. மூவரில் ஒருவர்க்குக் குறையாமல் மாண்டனர். விளைந்த கதிரை அறுக்க ஆளின்றி வயல்கள் நின்றன. அதுவரை கைகட்டி நின்ற உழவன் தன் உழைப்புக்கு விலை சொல்லத் தலைநிமிர்ந்தான். எழும்பிக்கொண்டிருந்த பேராலயங்கள் பாதியில் நின்றன. நோயாளியை நெருங்கி நின்ற குருக்களே முதலில் மடிந்தார்கள்.

"காரணம்னு கேட்டா எல்லாரும் எலியோட நிறுத்திடுவாங்க. விளைவுன்னு கேட்டா பிணத்தோட நிறுத்திடுவாங்க. நான் சொல்லப்போற விளைவு வேற," என்றார் கேரல். "சாமியார்களே இல்லாமப் போன ஊர்கள்ல சாகக் கிடந்தவங்க யார்கிட்ட தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றது? இங்கிலாந்துல ஓர் ஆயர் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பது ஜனவரியில ஓர் ஆணை போட்டார். குரு கிடைக்கலன்னா குருவா இல்லாத ஒரு பொதுநிலையாளர்கிட்ட பாவத்தை அறிக்கை பண்ணுங்க. ஆணே இல்லன்னா ஒரு பெண்கிட்டயாவது பண்ணுங்கன்னு."

டிரேவர் அலகைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எல்லார் பார்வையும் சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியின் மேல் சென்றது. அது பிரிஜெட்டின் நாற்காலி.

பிரிஜெட் அதே தெருவில் வசிப்பவர்; பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். மணியோசைபோல் தெளிந்த குரல் அவருக்கு. அவர் மன்றாட்டு மாலையைத் தொடங்கினால் மாதாவின் புகழ்ப்பெயர்களான பட்டங்கள் ஒவ்வொன்றும் முத்துக் கோத்ததுபோல் வரும். கொரோனாவின் இரண்டாம் அலையில் அடுத்த வீட்டு மதலைமுத்து, மருத்துவமனையில் இடமின்றித் தம் வீட்டு மாடியறையிலேயே கிடந்தார். மகன் லாயிட் சந்தாபுராவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். பங்குத்தந்தையும் நோயில் விழுந்திருந்தார். "யாராவது வாங்க, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்று மதலைமுத்து ஜன்னல் வழியே அழைத்தது தெருவுக்கே கேட்டது. தெரு தன் கதவுகளைச் சாத்திக்கொண்டது. பிரிஜெட் நோய்க்குக் கவசமாக ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மாடியேறினார். அவர் இறங்கி வந்தபோது மதலைமுத்து இறைவனடி சேர்ந்திருந்தார்.

நோய் ஓய்ந்தபின் தெருவுக்கு வாய் திரும்பிற்று. 'லேடி ஃபாதர்' என்று யாரோ பெயர் வைத்தார்கள். குருவின் இடத்தில் ஒரு பெண் போய் உட்காரலாமா என்று கேட்டார்கள். எல்லாவற்றினும் லாயிட்டின் கோபமே பெரிது. தந்தையோடு சண்டையிட்டுப் பேச்சற்றிருந்த காலத்தில் அவரை இழந்தவன் அவன். அவர் கடைசியாகச் சொன்னவை அடுத்த வீட்டுப் பெண்ணின் காதில் இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளாகப் பிரிஜெட் அன்பியத்துக்கு வரவில்லை. ஆலயத்திலும் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, உதடு அசையாமல் செபித்துவிட்டுப் போய்விடுவார்.

அன்று மாலையே கேரல் பிரிஜெட்டின் வீட்டுக்குச் சென்றார். அந்த ஆயரின் ஆணையைச் சொல்லி, சப்பரத்தில் சாகக் கிடக்கும் ஒருவரின் கட்டிலருகே அமரும் பெண்ணாகப் பிரிஜெட்டே வர வேண்டும் என்று கேட்டார்.

பிரிஜெட் சிரித்தார். "ஆணில்லன்னா பெண்கிட்டயாவதா? கடைசி சாய்ஸாத்தான் போட்டிருக்கார் உங்க ஆயர்."

"கடைசியில போட்டாலும் போட்டாரு இல்லக்கா? தெருவுல உங்களைக் கேலி பண்றாங்களே, அந்தக் காரியத்தை அறுநூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே ஓர் ஆயர் கையெழுத்துப் போட்டுச் செய்யச் சொல்லியிருக்கார்."

"பாவத்தை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்ல கேரல். அது எனக்கும் தெரியும், மாடியில கிடந்த அவருக்கும் தெரியும்."

"ஃபாதரையும் கேட்டுட்டுத்தான் வந்தேன். மன்னிப்பு கொடுக்கிறது குருவோட அதிகாரம், ஆனா குரு கிடைக்காதவன் செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டு இன்னொருத்தர் முன்னாடி மனசைத் திறந்தா கடவுள் அதைக் கேட்காமப் போயிடுவாரான்னு கேட்டார். சரித்திரம் உண்மைன்னா சப்பரம் போகட்டும்னு சொல்லிட்டார்."

பிரிஜெட் மாதா படத்துக்கு முன் எரியும் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

"லாயிட் சரின்னு சொன்னா ஏறுறேன். அவனோட அப்பா அவர். அவன் வேணாம்னா இதை விட்டுடு."

அதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. ஏனெனில் அடுகோடியில் இரும்புப் பட்டறை வைத்திருந்த லாயிட்தான் ஆண்டுதோறும் அன்பியத்தின் சப்பரத்துக்குச் சட்டம் அடித்துக் கொடுப்பவன். அவன் மறுத்தால் சப்பரமும் இல்லை. பிரிஜெட்டின் குரல் இனி எழப்போவதும் இல்லை.

மறுநாள் இருவரும் பட்டறைக்குச் சென்றனர். லாயிட்டும் கூட்டாளி மஞ்சுநாத்தும் ஒரு கேட்டுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தனர். நெருப்புப் பொறிகள் புன்னைப் பூப்போல் தரையில் சிதறின. பிரிஜெட்டைக் கண்டதும் லாயிட் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

கேரல் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மிஸ், உங்களுக்கு இது சரித்திரம். எனக்கு எங்கப்பா. எங்கப்பன் சாவை வண்டியில ஏத்தி ஊர்வலம் விடணுமா?"

"அவர் பேரு எங்கயும் வராது லாயிட்."

"பேரு வரலன்னா தெருவுக்குத் தெரியாதா?" அவன் பிரிஜெட்டின் பக்கம் திரும்பினான். "சரி ஆன்ட்டி. நேராவே கேக்கறேன். சப்பரம் நானே பண்றேன். செலவு கூட என்னோடது. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு எங்கப்பா என்ன சொன்னாரு? என்னைப் பத்திச் சொன்னாரா?"

பட்டறையில் இயந்திரம் நின்றிருந்தது. ஒரு சொல் போதும். நான்காண்டுப் பகை தீரும், சப்பரம் எழும், கடைசிப் பெஞ்சிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிடலாம். கேரலுக்கே, அவர் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றிற்று.

"அதைக் கேக்காதப்பா," என்றார் பிரிஜெட்.

"நான் அவர் பிள்ளை."

"நீ பிள்ளைதான். ஆனா அவர் அதை உன்கிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. கடவுள்கிட்ட சொன்னாரு. பக்கத்துல ஆள் வேணும்னாரு, நான் இருந்தேன். கேட்டதை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

"நல்லதா சொல்லியிருந்தா சொல்லலாமில்ல?"

"நல்லதுன்னா சொல்லுவேன், கெட்டதுன்னா சொல்லமாட்டேன்னு வச்சா, நான் வாயை மூடினாலே உனக்குத் தெரிஞ்சுடுமே. அதனால எதையும் சொல்லமாட்டேன். சப்பரம் வேணாம். வா கேரல், போலாம்."

வாசல்வரை சென்றவர் நின்று திரும்பினார்.

"பாவசங்கீர்த்தனம் முடிஞ்சப்புறம் நடந்ததைச் சொல்லலாம், அது ரகசியமில்ல. மனஸ்தாப மந்திரத்தை ஒரு வார்த்தை விடாம சொன்னாரு. அப்புறம் ஜன்னலைத் திறக்கச் சொன்னாரு. தெருப் பக்கத்து ஜன்னலைத் திறக்கப் போனேன். அது இல்ல, உன் பட்டறைப் பக்கத்து ஜன்னல்னு கையைக் காட்டினாரு. திறந்து வச்சேன். அதைப் பார்த்துக்கிட்டேதான் போனாரு."

லாயிட் வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். ஆனால் இயந்திரத்தை இயக்கவில்லை. தமிழும் கன்னடமும் ஒன்றாய் அறிந்த மஞ்சுநாத் அவன் தோளைத் தொட்டு, "ஆயித்து பிடு, குரு," என்று, முடிந்ததை விட்டுவிடு நண்பா என்ற பொருளில் கன்னடத்தில் மெல்லச் சொன்னான்.

இரண்டு பெண்களும் தெருமுனையை அடைவதற்குள் பின்னால் காலடி ஓசை கேட்டது.

"ஆன்ட்டி!" லாயிட் மூச்சு வாங்க நின்றான். "நாலு வருஷமா எங்கப்பா கதையைத் தெரு பூரா சொல்லியிருப்பீங்கன்னே நெனச்சேன். பெத்த பிள்ளை, அதுவும் சப்பரத்தை வச்சுக்கிட்டுக் கேட்டும் உங்க வாயிலேர்ந்து வரல. அப்போ யார்கிட்டயும் சொல்லலன்னுதானே அர்த்தம்?"

"யார்கிட்டயும் இல்ல."

"எங்கப்பாவுக்குச் சரியான ஆள்தான் கிடைச்சிருக்காங்க." அவன் கண்களைப் புறங்கையால் தேய்த்தான். "கட்டில் நீளம் எவ்வளவு வைக்கணும் மிஸ்?"

திருவிழா மாலை செவ்வானம் ஆலயக் கோபுரத்தின் மேல் பட்டாடைபோல் விரிந்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு புறாக்களோடு புறப்பட்டது. அடுத்து அடுகோடியின் சப்பரம் வந்தது. அதில் மண்டையோடு இல்லை, அலகு இல்லை. ஒரு வெறுங்கட்டில், அதன்பின் இரும்பில் அடித்து முழுதும் திறந்து வைத்த ஒரு ஜன்னல். ஜன்னல் கேரலின் வரைபடத்தில் இல்லாதது. லாயிட் யாரையும் கேட்காமல் ஒட்டியிருந்தான். முகப்பில், 'குரு இல்லாத வேளையில்' என்றும், அதன்கீழ் அந்த ஆயரின் ஆணையின் சாரமும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன.

கட்டிலருகே பிரிஜெட் அமர்ந்திருந்தார். டிரேவர் கொண்டுவந்த இடைக்கால அங்கியை அவர் மறுத்துவிட்டார். அன்று மாடியேறியபோது அணிந்திருந்த நீல மழைக்கோட்டையே அணிந்திருந்தார். வானில் ஒரு மேகமும் இல்லை.

தெருவில் முதலில் ஒரு சலசலப்பு. 'லேடி ஃபாதர்' என்ற சொல் எங்கோ எழுந்து பாதியில் அமிழ்ந்தது. கேரல் ஒலிவாங்கியை நீட்டினார். பிரிஜெட் அதை வாங்கி வாயருகே பிடித்தார். பிறகு, நான்கு ஆண்டுகள் அடைபட்டிருந்த அந்தக் குரல் எழுந்தது. மாதாவின் முதல் பட்டம் கடைத்தெருவின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு சென்றது. ஆட்டோக்கள் ஹாரனை நிறுத்தின. பதில்மொழி சொல்ல வேண்டிய கூட்டம் ஒரு நொடி தயங்கி நின்றது.

அந்த ஒரு நொடியில் தனித்து எழுந்த பதில், வண்டியின் முன்னால் கயிற்றைத் தோளில் ஏற்றி இழுத்துச் சென்ற லாயிட்டுடையது. கரகரத்த, சுருதி சேராத குரல். அதைத் தொடர்ந்து டிரேவர், கேரல், தெரு என்று பதில் பெருகிற்று. இரண்டாம் பட்டத்துக்கு ஒரு வாயும் மூடியிருக்கவில்லை.

தம் சப்பரத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்த ஜாய்சன் லாயிட்டின் அருகில் வந்து குனிந்தார்.

"என்னப்பா இது, எல்லாரும் பட்டும் சரிகையுமா வர்றாங்க, உங்க ஆளு ரெயின்கோட்ல வருது? யாரு சாயிண்ட் இவங்க?"

"சாயிண்ட் இல்லண்ணா," என்றான் லாயிட், கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு, தெருவே கேட்கும்படி. "எங்கப்பா சாகறப்போ பக்கத்துல உக்காந்திருந்தவங்க. எங்க பக்கத்து வீடு."