ஜோதிகா வாங்கிய ஸ்கோப்

ஞாயிறு காலை ஸ்கோப்பைத் திறந்தேன். கரண்ட் ஓடும் விதத்தைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய பெட்டி. பின்னல் மெஷின் போர்டுகளைச் சரிசெய்யும் என் வேலை அது இல்லாமல் நடக்காது. கல்யாணமான வருஷம் ஜோதிகா தன் தீபாவளி போனஸில் செகண்ட்ஹேண்டாக வாங்கித் தந்தாள். போன ஆடியில் காய்ச்சலில் அவள் இறந்தாள். இந்த வாரம் பெட்டியும் நின்றுவிட்டது. இன்று ஓடாவிட்டால் இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பவர் சப்ளை போர்டில் ஒரே கம்பெனியின் ஏழு கெப்பாசிட்டர்கள். ஒன்று தலை உப்பியிருந்தது. அதை மட்டும் மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் பச்சைக் கோடு வந்தது, நடுங்கியது, அணைந்தது.

"செத்துருச்சா மாப்ள?"

அத்தை காபியோடு நின்றார். ஜோதிகாவின் அம்மா, ஒச்சம்மாள். மகள் காரியத்துக்கு உசிலம்பட்டியிலிருந்து வந்தவர், திரும்பிப் போகவில்லை. இப்போது இங்கே முதலிபாளையத்தில் பனியன் கம்பெனியில் தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை.

"ஒண்ணு மாத்தினேன் அத்தை. சரியாகல."

"மத்த ஆறு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு."

"ஆத்தாடி! ஒரு பீஸ்ல டேமேஜ் வந்தாலே பண்டிலப் பிரிச்சுப் பாப்போம் நாங்க. நீங்க காலேஜ் படிச்சவரு வேற."

எனக்குத் தெரியாததல்ல. அடுத்தவர் பெட்டி என்றால் ஏழையும் கழற்றியிருப்பேன்.

"எல்லாத்தையும் மாத்திட்டா அவ வாங்கினதுல என்ன மிஞ்சும்?" என்றேன்.

அத்தை டம்ளரை வைத்தார்.

"ஏமாந்துல்ல வாங்கியிருக்கா சிறுக்கி. செக்கிங்காரி மகளுக்கு டேமேஜ் பாக்கத் தெரியல. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, மாப்ளைக்குன்னதும் ஓடியிருக்கா."

சிரித்துவிட்டேன். அவரும்.

ஆறையும் கழற்றி மீட்டரில் வைத்தேன். நான்கு வற்றிப்போயிருந்தன. வெளியே ஓர் அடையாளமும் இல்லை. ஆறுக்கும் புதிது வைத்தேன். அத்தை டார்ச் பிடித்தார். கெப்பாசிட்டரின் மைனஸ் பக்கத்து வெள்ளைக் கோடு போர்டில் எங்கே வர வேண்டும் என்று ஒருமுறைதான் காட்டினேன். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து "பாஸ்" என்றார். ஐந்தாவதில் நிறுத்தினார்.

"இது கோடு அங்கிட்டுல்ல இருக்கணும்?"

திருப்பி வைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டிருந்தால் வெடித்திருக்கும். மாற்றி வைத்தேன்.

"இப்பப் பாஸ்."

சுவிட்சைப் போட்டேன். கோடு வந்தது. நடுங்கவில்லை.

"இம்புட்டுத்தேனா?" என்றார் அத்தை. "இதப் பாத்துக்கிட்டா ரெண்டு பேரும் மணிக்கணக்கா உக்காந்திருப்பீங்க?"

"ஆமா அத்தை."

ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.