பதினேழாவது ஓட்டு

மக்கேனி நகரத்தில் சாண்டிகி துல்லாவைத் தெரியாதவர்கள் இரண்டே வகைதான்: பள்ளிக்கூடப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், பந்தைக் காலால் தொடாதவர்கள். தகரக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளோடு அவர் ஆரம்பித்த பள்ளியில் இப்போது எண்ணூறு பேர் படிக்கிறார்கள். கால்பந்தில் அவர் ஒருநாளும் உருப்படியாக ஆடியதில்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவராக நுழைந்தார். விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தார். அப்படியே வளர்ந்து பன்னிரண்டு ஆண்டுகளாக வட்டாரக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். பழைய தலைவர் உடம்பு முடியாமல் விலகியபோது, அந்த நாற்காலி துல்லாவுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனார்.

அவர் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை யாபோம் தராவலிக்கு அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக இருந்தது. தேர்தல் வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்தவள் அவள்தான். மொத்தம் முப்பத்துமூன்று அணிகள், அணிக்கு ஒரு ஓட்டு. உறுதியாக நம் பக்கம் என்று பதினேழு பெயர்களை நோட்டில் எழுதியிருந்தாள். முந்தின நாள் அத்தனை பேருக்கும் மரவள்ளிக் கீரைக் குழம்பும் சோறும் ஆக்கிப் போட்டாள். எண்ணி முடித்தபோது துல்லாவுக்குப் பதினாறு. எதிரே நின்ற அரிசி மொத்த வியாபாரி, பெண்கள் அணி ஒன்றை நடத்துகிற ஹாஜா ரமட்டு அம்மாளுக்குப் பதினேழு.

கறுப்பு ஆடு யார்?

ஊர் தீர்ப்பெழுதத் தாமதிக்கவில்லை. தையற்காரர் யம்பா ஃபோர்னாதான் என்றது. அவர் ஒரு சின்ன அணிக்குத் தலைவர். தேர்தலுக்கு முந்தின வாரம் ஹாஜாவின் கடையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்திருந்தார்கள். அது போதுமே. நோன்பு மாதம் பிறந்திருந்தது. பெருநாள் உடுப்புக்காகத் துணி மலைபோலக் குவிய வேண்டிய நேரம். வந்தவர்களோ கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

யாபோமும் ஒரு நாள் பள்ளி விட்டதும் நேரே அந்தக் கடைக்குப் போனாள். சண்டைக்கல்ல. ஒரு மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"வாங்க டீச்சர். நீங்களும் துணியைத் திருப்பி வாங்க வந்தீங்களா?" என்றார் ஃபோர்னா. தையல் மெஷின் மேல் வெட்டாத துணி ஒன்றுகூட இல்லை.

"நான் துணியே குடுக்கலையே. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"உங்க கொழம்புல உப்பு கொறச்சல்தான். அதுக்காக ஓட்டை மாத்திப் போடுவாங்களா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் எதுக்கும்மா சத்தியம் பண்ணணும்? உங்க ஐயாவையே கேளுங்க. அவர் பேருக்கு நேரா குறி போட்டு, மடிக்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட காட்டினேன். தலையாட்டினாரு. தோள்ல கூடத் தட்டினாரு."

யாபோம் எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

பார்த்தாரா? அப்படியானால் இந்த மனிதர் மேல் குற்றமில்லை என்று ஐயாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா? வீடு வரைக்கும் அதே யோசனை. நோட்டை எடுத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ஒருவர் எழுத்து தெரியாமல் மருமகனை ஓட்டுச் சீட்டைப் படிக்கச் சொல்லி அவன் கண்முன்னே குறி போட்டவர், அவர் மாற முடியாது. இரண்டு பேர் துல்லாவின் சொந்த மச்சான்கள். இப்படியே போய்ப் பட்டியலின் உச்சிக்கு வந்தாள். அங்கே, அவள் ஒருபோதும் சந்தேகப்படாத பெயர் இருந்தது. பள்ளி அணிக்காக ஓட்டுப் போட்டவரின் பெயர்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் துல்லாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, உங்க ஓட்டை நீங்க யாருக்குப் போட்டீங்க?"

துல்லா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"ஹாஜாவுக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஏதோ வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அந்தம்மா மேடையில ஒரு கேள்வி கேட்டாங்களே, ஞாபகமிருக்கா?" என்றார். "பன்னெண்டு வருஷத்துல பொம்பளைப் பிள்ளைங்க லீக் எத்தனை தடவை முழுசா நடந்து முடிஞ்சுதுன்னு. எல்லாரும் அவங்களைப் பார்த்தாங்க. நான் என் கையைப் பார்த்தேன். வருஷா வருஷம் 'ஒத்திவைக்கப்படுகிறது'ன்னு எழுதினது இந்தக் கைதானே. பேனாவோட மறைப்புக்குள்ள போனேன். என்கிட்ட பதிலில்லை, அவங்ககிட்ட இருந்துச்சு. போட்டுட்டேன்."

"அப்போ நாங்கல்லாம் யாரு? உங்களுக்காக வீடு வீடா அலைஞ்சோமே, லூசுங்களா நாங்க?"

"கோபப்படாதே. நான் ஜெயிச்சிடுவேன்னுதான் நெனச்சேன்." குரல் இறங்கியது. "ஹாஜா பக்கத்து ஆளுங்க ரெண்டு பேர் ரகசியமா எனக்குப் போடறதாச் சொல்லியிருந்தாங்க. ஒரு ஓட்டு போனா என்ன, மனசுக்கும் நிம்மதி, நாற்காலியும் கிடைக்கும்னு ஒரு கணக்கு. அவனுங்க ரெண்டு பேரும் புளுகிட்டானுங்க."

யாபோமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியதும் எரிச்சல் வந்தது.

"சரி. அந்தத் தையக்காரர்?"

துல்லா மேசை மேலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"அவர் சீட்டைப் பார்த்தீங்க. அவர் கடையில ஈ ஓட்டறாரு. பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

"வெளிய சொன்னா ஊரே சிரிக்கும் யாபோம். பெத்தவங்க என்ன நெனப்பாங்க? தனக்கே ஓட்டுப் போடத் தெரியாதவன்கிட்டயா பிள்ளையை விட்டோம்னு."

"சிரிக்கட்டும். நாளைக்குச் சனிக்கிழமை, ரேடியோவுல விளையாட்டு நிகழ்ச்சி இருக்கு. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவரே போனார். யாபோம் நிலையத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார், சாக்குச் சொல்லவில்லை. பிறகு தொலைபேசி ஓயவில்லை. ஒருவர் அவரைப் பைத்தியம் என்றார். அவருடைய மச்சானே கூப்பிட்டு, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதே" என்றார். ஒரு பெண், "அடுத்த தடவையும் நில்லுங்க ஐயா, நானே உங்களுக்குப் போடறேன், நீங்க போடாதீங்க" என்றபோது அறிவிப்பாளர் மைக்கை மூடிக்கொண்டு சிரித்தார்.

துணிகள் ஃபோர்னாவின் கடைக்குத் திரும்பி வந்தன. பாதியை அவர் வாங்க மறுத்தார். துல்லா போய் நின்றபோது வெட்டுவதை நிறுத்தவில்லை.

"பார்த்தீங்களா என் சீட்டை?"

"பார்த்தேன்."

"பதினெட்டு நாள்."

"தப்புதான்."

"பெருநாள் கழிச்சு வாங்க. இப்ப எனக்கு வேலை இருக்கு."

பெருநாள் கழிந்தது. துல்லா இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஃபோர்னா வேலை இருக்கிறது என்றுதான் சொன்னார்.

ஹாஜா ரமட்டு வேறு மாதிரி. ஆள் அனுப்பாமல் தானே பள்ளிக்கு வந்து, பெண்கள் லீக் அட்டவணையைத் துல்லாவின் மேசையில் போட்டாள். "ஓட்டுப் போட்டாப் போதுமா? ஒத்திவைக்கிற வித்தை உங்களுக்குத்தானே தெரியும். ஒத்திவைக்காம நடத்திக் காட்டுங்க." மழைக்காலம் தொடங்குவதற்குள் பதினான்கு ஆட்டங்கள். மைதானமும் நடுவர்களும் இல்லாத ஊர்களில் ஏற்பாடு செய்யத் துல்லா மோட்டார் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அலைந்தார்.

ஒன்பதாவது ஆட்டத்தின் இடைவேளையில் யாபோம் அவர் பக்கத்தில் போய் நின்றாள். பல வாரங்களாக அவளைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"ஒரே ஓட்டுலதான் தோப்போம்னு தெரிஞ்சிருந்தா, அப்பவும் அந்தம்மாவுக்கே போட்டிருப்பீங்களா?"

துல்லா குனிந்து, அழிந்திருந்த கோட்டின் மேல் ஒரு பிடி சுண்ணாம்பைத் தூவினார்.

"தெரியலையே. நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

நடுவர் விசில் ஊதினார். யாபோம் அவர் முகத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பினாள்.