முக்காட்டின் மேல் ஹெட்போன்

எங்கள் குடும்பத்துப் பெண்கள் எவரும் கந்தோர் ஏறி அலுவலக வேலை பார்த்ததில்லை. 1974இல் என் மகள் மைமூனா துறைமுகத்துக் கப்பல் ஏஜன்சி ஒன்றில் டெலிபோன் ஒப்பரேட்டராகச் சேர்ந்தபோது, முக்காடு தலையிலிருந்து இறங்கக் கூடாது என்ற நிபந்தனையில்தான் சம்மதித்தேன்.

சேர்ந்த இரண்டாம் கிழமையே மேலாளர் இரத்தினசிங்கம், மாத முடிவுக்குள் முக்காட்டை எடுக்காவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் மகள் அதை மறைத்திருக்கிறாள். கேள்விப்பட்டதும் சால்வையைப் போட்டுக்கொண்டு, அவளைக் கையோடு கூட்டிவரப் புறப்பட்டேன்.

“இருங்கோ நானா,” என்று அண்ணன் முறை சொல்லி, மகளின் சுவிட்ச்போர்ட்டருகே என்னை மறித்தார் இரத்தினசிங்கம். “எனக்கு உங்கட மார்க்கத்தில ஒரு குறையும் இல்லை. துணிக்கு மேல ஹெட்போன் போட்டாச் சத்தம் கேக்காது. கப்டன்மார் சொல்லுறதைப் பிழையாக் கேட்டா ஆர் பொறுப்பு?”

“இதுவரைக்கும் எத்தினை பிழை விட்டிருக்கிறா?”

“இன்னும் விடேல்லை. விடுவா.”

விடாத பிழைக்குத் தண்டனை! இப்போது கூட்டிப்போனால், மகள் பிழை விட்டாள் என்றுதான் ஊர் கதைக்கும்.

“எங்கட பரம்பரையில செவிடு கிடையாது,” என்றேன். “கேக்குமோ கேக்காதோ, நீங்களே போட்டுப் பாருங்க.” சால்வையை நீட்டினேன்.

“வாப்பா!” என்று மகள் பதறினாள்.

கிளார்க்மார் எழுதுவதை நிறுத்திப் பார்த்தார்கள். மறுக்க வழியில்லாமல் இரத்தினசிங்கம் சால்வையைத் தலையில் சுற்றி, அதன்மேல் ஹெட்போனை மாட்டினார். அந்த நேரம் பார்த்து சுவிட்ச்போர்ட்டில் விளக்கு எரிந்தது. அவரே அழைப்பை எடுத்தார்.

“ஹலோ... ஆர், பூரணியே? பள்ளிக்கூடத்திலயிருந்தோ?”

அவருடைய மனைவி ஆசிரியை என்று மகள் மெல்லச் சொன்னாள்.

“ஓம், கேக்குது... முருங்கைக்காய் ஆறு, ஓம்... இல்லையப்பா, மறக்கேல்லை... உம்மட அம்மா வாறாவோ? எத்தினை நாளைக்கு?... ஐயோ, கத்தாதையும், காது அடைக்குது!”

கிளார்க்மார் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. பிறர் வீட்டுக் கதைக்குச் சிரிப்பது எங்கள் வழக்கமல்ல.

“எப்பிடி?” என்று மட்டும் கேட்டேன்.

“கொஞ்சம் கேக்குது,” என்றார்.

“மாமியார் வாற செய்தி வரைக்குமா?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். “அடுத்த லைன் அடிக்குது, பிள்ளை. அப்பிடியே போட்டுக்கொண்டு எடும்.”

சால்வையைத் தலையிலிருந்து எடுக்க மறந்து தன் அறைக்குள் போனார். அதைக் கேட்டு வாங்குவது மரியாதையில்லை என்று வெறுந்தோளோடு வீடு வந்தேன். பின்னேரம் வேலை முடிந்து வந்த மகள், ஒழுங்காக மடித்துக் கொண்டுவந்தாள்.