அந்துருண்டை வாசம்

போன வசந்தத்தில், வண்டியில் இழுத்துப்போய்த் தங்கும் டிரெய்லரைத் திறந்தபோது ஆர்டிஸின் தலையணைக்குள் எலிக்குஞ்சுகள் இருந்தன. இன்னும் கண் திறக்காதவை. அவள் கத்தவில்லை. தலையணையை அப்படியே தூக்கிப்போய் சோளக்காட்டு ஓரம் வைத்துவிட்டு வந்து கை கழுவினாள்.

"அடுத்த வருஷம் உள்ள ஒரு புழுக்கை கெடந்தாலும் இத பக்கத்துப் பண்ணை கேலனுக்கு வித்துருவேன்," என்றாள்.

அவள் புருஷன் ஆரின் தலையாட்டினான். டிரெய்லர் ஆர்டிஸ் பேரில் இருந்தது. ஓய்வு பெற்றதே அதில் ஏரிக்கரைக்குப் போய்ப் படுத்துக்கிடக்கத்தான் என்று அவன் நினைத்திருந்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. மினசோட்டாவில் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

இலையுதிர்காலம் வந்தது. சோளம் அறுத்தார்கள். காட்டு எலிகளுக்கு வீடில்லாமல் போயிற்று. ஆரின் டிரெய்லரைக் கொட்டகைக்குள் விட்டு, அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் தரையில் படுத்தான். கேலன் டார்ச்சோடு அடியில் ஊர்ந்தான். உள்ளே எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே ஓட்டை. பக்கத்துப் பண்ணைக்காரனாயிற்றே என்றுதான் ஆரின் அவனைக் கூப்பிட்டிருந்தான்.

"குழாய்கிட்ட காட்டுய்யா."

"காட்டிட்டேன்."

"ஒண்ணும் தெரியலயே."

"அப்ப ஓட்டை இல்ல. எந்திரிச்சு வா."

"டார்ச்ச போட்டியா?"

கேலன் டார்ச்சைப் போட்டான். "இப்படியே விட்டாத்தான்யா எனக்கு சல்லிசா கெடைக்கும்," என்றான்.

ஓட்டைகளில் ஆரின் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்தான். குளவி கூடு கட்டாதிருக்க, ஹீட்டரின் புகைவாயில் வலை வைத்தான். ஊர்க் காப்பிக்கடையில் ஒருவர் புதினா எண்ணெய் என்றார், ஒருவர் வாசனை சோப்பு என்றார், ஒருவர் அந்துருண்டை என்றார். யார் மனமும் கோணாமல் எல்லாவற்றையும் வைத்தான். அந்துருண்டையை மட்டும் கை நிறைய அள்ளி அடுப்புக்குள்ளும் போட்டான். டிரெய்லர் பக்கத்தில், அதை இழுக்கும் பழைய பிக்கப் வண்டியை நிறுத்திக் கொட்டகையைப் பூட்டினான். பிக்கப்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பனி உருகியதும் ஆர்டிஸ் டிரெய்லருக்குள் போனாள். ஒவ்வொரு இழுப்பறையும் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கண்ணில் நீர் வழிந்தது.

"எலி இல்ல," என்றாள். "காத்தும் இல்ல."

கதவையும் ஜன்னல்களையும் திறந்தே வைத்தார்கள். வாசம் போகவில்லை.

மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாளும் வந்துவிட்டது. ஊரே ஏரிக்குக் கிளம்பியது. வழியனுப்பக் கேலன் தன் வண்டியில் வந்து இறங்கினான். டிரெய்லரை மாட்டிய பிக்கப்பில் ஆர்டிஸ் ஏறி, உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட கறிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஆரின் சாவியைத் திருப்பினான். வண்டியின் ஹீட்டர் விசிறி சுழன்றது. முன்னால் காற்று வரும் துவாரத்திலிருந்து பஞ்சு வந்தது, சோளத் தொலி வந்தது, பிறகு ஒரு எலி வந்தது. கறியின் மூடிமேல் உட்கார்ந்து ஆர்டிஸைப் பார்த்தது.

"இது டிரெய்லர் இல்ல," என்றான் ஆரின்.

"தெரியும்," என்றாள் ஆர்டிஸ். "நான் சொன்னது டிரெய்லருக்குத்தான்."

கதவைத் திறந்தாள். எலி குதித்தது. நேராகப் பின்னால் ஓடி, காற்றாட இன்னும் திறந்து கிடந்த டிரெய்லர் வாசலில் படியேறியது. மூவரும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"போடி கண்ணு, உள்ள போ," என்றான் கேலன் மெதுவாக.

ஆரின் மூச்சு விடவில்லை. எலி நிலைப்படியில் நின்று மூக்கைத் தூக்கியது. மீசை துடித்தது. பிறகு திரும்பி இறங்கி, முற்றத்தைக் கடந்து, கேலனின் வண்டிச் சக்கரத்தில் ஏறி உள்ளே மறைந்தது.

கேலன் குனிந்து தன் வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"மோசமில்ல," என்றாள் ஆர்டிஸ்.

கல்யாணத்தன்றும் அவள் அதைத்தான் சொன்னாள். ஆரின் டிரெய்லர் கதவைச் சாத்தினான்.

"யோவ் ஆரின், அந்துருண்டை மிச்சமிருக்கா?" என்றான் கேலன்.

கொட்டகை அலமாரியில் ஒரு பெட்டி பிரிக்காமல் இருந்தது.

"தீந்துபோச்சு," என்றான் ஆரின்.