தாலம் வந்தால் எழ வேண்டும்

இருபதாம் நூற்றாண்டு முடியப்போகிறதே என்ற கவலையில், நகரத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறை அந்த நூற்றாண்டின் சாதனைகளுக்குக் கருத்தரங்கு வைத்தது. எம்.எஸ்ஸி. மாணவி சுஜாவுக்கு வாய்த்த தலைப்பு லிசே மைட்னர். அணுக்கரு பிளந்தால் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவள். நோபல் பரிசு, கூட வேலை பார்த்த ஆணுக்குத் தனியாகப் போயிற்று. சுஜா ஒரு மாதம் நூலகத்தில் கிடந்து எழுதினாள். அவள் பேசுவதைப் பார்க்க அம்மா ராகேல் கொழுந்து பறிக்கப் போகாமல், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் நின்றதோ வாசலில். கேரளத்து முண்டும் நேரியதும் உடுத்து, கையில் தாலம்: தட்டில் அரிசி, பூ, தேங்காய் மூடியில் எரியும் திரி. சிறப்பு விருந்தினரை வரவேற்க ஆறு பெண்கள், மேளம் கொட்ட ஒரு செண்டைக்காரர்.

"பையன்மார் பிடிச்சா திரி எரியாதா சார்?" என்று முந்தின நாளே கேட்டிருந்தாள்.

துறைத் தலைவர் நேசையன் சார் சிரித்தார். "பாக்க நல்லாவா இருக்கும் மோளே அது? கெஸ்ட் வந்து விளக்கு கொளுத்தட்டு. பின்னே நீதான் முதல்."

கெஸ்ட் வரவில்லை. உள்ளே கூட்டம் நெளியத் தொடங்கியது. சார் வாசலுக்கு வந்தார்.

"இனி காத்திருக்க முடியாது. உன் பேப்பரை ரதீஷ் வாசிப்பான்."

"நான் இங்கதானே நிக்கேன் சார்."

"நீ போனா வரிசை கெட்டுப்போகும். ஆரு வாசிச்சா என்ன, விஷயம் ஒண்ணுதானே."

ரதீஷின் சொந்தத் தலைப்பு ஈர்ப்பு அலைகள். நாற்பது வருடமாகத் தேடியும் யார் கருவியிலும் சிக்காதவை. அதனால் அவன் என்ன சொன்னாலும் தப்புச் சொல்ல ஆளில்லை.

வாசல் ஒலிபெருக்கியில் சுஜாவின் வாக்கியம் அவன் குரலில் வந்தது. பெர்லின் ஆய்வுக்கூடத்தில் பெண்களை விடமாட்டார்கள். மைட்னருக்குக் கொடுத்தது நிலவறையில் ஒரு பழைய தச்சுப்பட்டறை, அதற்குத் தனி வாசல்.

"ரதீஷ் நல்லா வாசிக்கான், கேட்டியா," என்றாள் பக்கத்தில் நின்ற சிஜி. "சொந்தமா எழுதினது போல."

சுஜா அரங்கத்துக்குள் நடந்தாள். தாலத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. வரிசைக்குத் தலையில் நின்றவள் நகர்ந்ததும் மற்ற ஐந்து பேரும் பின்னால் வந்தார்கள்; அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். தாலம் நகர்ந்ததைக் கண்டு செண்டைக்காரர் கொட்டத் தொடங்கினார். கொட்டுச் சத்தம் கேட்டு அரங்கமே எழுந்து நின்றது. நேசையன் சார் இல்லாத விருந்தினரை நோக்கிக் கைகூப்பிக் குனிந்தார். ரதீஷ் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, மரியாதையாக ஒதுங்கினான்.

சுஜா மேடையேறித் தாலத்தை அவனிடம் நீட்டினாள். நீட்டியதை வாங்கிக்கொண்டான்.

"திரி அணையாம பிடி," என்றாள். செண்டை நின்றதும் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

அப்போதுதான், அழைப்பிதழில் படம் போட்டிருந்த அந்தப் பெரிய மனிதர் கேன்டீன் பக்கத்துப் பின்வாசல் வழியாகத் தனியே உள்ளே வந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராகேல்தான் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து அவளிடம் ஏதோ கேட்டார்.

ராகேல் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டில் விரல் வைத்தாள்.