மூன்றாம் சுற்றில் நின்ற பெட்டி

அன்று கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பாதிரியார் ஹோஸ்கின், லவ்டே நான்கிவெல், அவள் அண்ணன் மகன் டென்சில், அவனோடு சவப்பெட்டி சுமந்த ஹெட்லி பிரே, ஹெட்லியின் தம்பிமார் இருவர். பெட்டிக்குள் லவ்டேயின் அண்ணன், டென்சிலின் அப்பா ஜோரி. அவரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள அந்த ஊரில் செத்தவரை நேரே குழிக்குக் கொண்டுபோவதில்லை. கோயில் முன்னாலுள்ள கற்சிலுவையை, வெயில் போகும் திசையில் மூன்று முறை சுற்றிய பிறகே அடக்கம். அரசாங்கப் பாதுகாப்பில் உள்ள பழஞ்சிலுவை, கீறினாலும் வழக்கு. தலைமுறை தலைமுறையாக அதற்குக் காவல் நான்கிவெல் குடும்பம்.

முந்தைய கோடையில் அதன் வலக்கை நுனி உடைந்தது. கூடாரம் போட்ட வெளியூர்க்காரர்கள் மேல் ஊர் பழி சொன்னது. லவ்டேயும் சொன்னாள். கட்டைவிரல் அளவுள்ள அந்தத் துண்டு, ஜோரி செத்த பிறகுதான், அவருடைய புல்வெட்டும் வண்டியில் அவளுக்குக் கிடைத்தது. குடும்பப் பெயர் முக்கியம். அண்ணனின் கோட்டுப் பையில் அதைப் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள். மண்ணோடு போகட்டும்.

முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவதில், சிலுவையின் உடைந்த கைக்கு நேரே வந்ததும் பெட்டி கனத்தது.

"என்னடா டென்சில், உங்கப்பனுக்கு வழிக்குத் தின்ன இறைச்சிப் பேஸ்டி கட்டிக் குடுத்திருக்கியா?" என்றார் ஹெட்லி.

"பேசாம தூக்குங்க மாமா."

மூன்றாம் சுற்றில் அதே இடத்தில் நால்வருக்கும் முழங்கால் மடங்கியது. பெட்டி தரைக்கு வந்துவிட்டது. மறுபடி தூக்கினார்கள், அசையவில்லை. ஆனால் அதன் அடியில் புல் மடங்காமல் நின்றது.

"உயிரோட இருந்தப்பவும் இந்த ஆள் சொன்ன பேச்சு கேட்டதில்ல," என்றார் ஹெட்லி.

பாதிரியார் தணிந்த குரலில், "லவ்டேம்மா, மூணாவது சுத்து வேணாம். குழி பக்கமா இழுத்துப் பாப்போம்," என்றார்.

"எங்க வீட்டு ஆளு பாதிச் சுத்துல போகமாட்டாரு. மூடியத் திற, டென்சில்."

"அத்தை, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சிலுவைய உடைச்சது உங்கப்பா. வெளியூர்க்காரங்க இல்ல. திற."

திறந்தார்கள். லவ்டே குனிந்து கல்லை எடுத்தாள். நிமிர்ந்து நடந்துபோய்ச் சிலுவையின் காலடியில் வைத்தாள். அதன் பிறகு பெட்டியை எளிதாகத் தூக்க முடிந்தது. மூன்றாம் சுற்றும் முடிந்தது.

ஜோரி கல்லை இறுகப் பிடித்திருந்தார், தங்கை அவர் விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தாள் என்று ஊரில் பேச்சு. அது பொய். கோட்டுப் பையின் பொத்தான் மாட்டியபடியே இருந்தது. அவர் கை விரிந்திருந்தது. கல்லை உள்ளங்கையில் வைத்து, அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.